ஆறு புதன்கிழமைகளும் ஓர் அறிக்கையும்

இந்த ஆண்டில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மூவரும் உளவியலில் முதுகலை முடித்த பெண்கள். ஒருத்தி தருமபுரத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். சோதனைகள் வைத்து, அளந்து, அறிக்கை எழுதுகிற உளவியலாளராகப் போவதா, வாரா வாரம் எதிரே உட்கார்ந்து பேசவைத்து ஆற்றுகிற சிகிச்சையாளராகப் போவதா என்பதுதான் கேள்வி. இப்போதெல்லாம் தொடக்கத்திலேயே ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்கிறார்கள்.

நான் வாயால் சொன்ன பதில் மூன்று தடவையும் மூன்று விதமாக அமைந்துவிட்டது. ஆகவே எழுதிவிடுகிறேன். 1976 முதல் நான் எழுதிய நாட்குறிப்புகள் கைவசம் உள்ளன. கீழே வரும் தேதிகள் அவற்றிலிருந்து எடுத்தவை. ஒரு பெண்ணின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவரைப் பற்றி எழுதுவதற்கு அவரிடமே அனுமதி வாங்கிவிட்டேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் இரண்டு ஆண்டு முதுகலை, பிறகு ஒரு பெரிய மனநல மருத்துவமனையில் இரண்டு ஆண்டுப் பயிற்சி. 1976 ஜூலையில் காரைக்காலில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். மருந்து கொடுக்கும் இடத்தை ஒட்டிய ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பீரோ. பீரோவுக்குள் சோதனைக் கட்டைகள், படங்கள், படிவங்கள், ஒரு ஸ்டாப்வாட்ச். கதவில் என் பெயரை எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாததால் அந்த இடம் காலியாகவே இருந்தது.

மனநலப் பிரிவு புதன்கிழமைகளில் மட்டும். மருத்துவர் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பாண்டிச்சேரியிலிருந்து வருவார். டாக்டர் சவரிநாதன் என்று பெயர். பிரெஞ்சில் படித்தவர். மணமாகாத பெண்ணை "மத்மசேல்" என்று அழைப்பது அந்தத் தலைமுறை வழக்கம்; என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். நோயாளி உட்காருகிற வரைக்கும் தான் உட்காரமாட்டார். வயல் வேலைக்குப் போகும் மனிதர்கள் டாக்டர் நிற்கும்போது உட்காரத் தயங்குவார்கள். இரண்டு பேரும் நின்றுகொண்டே இருப்பார்கள். கடைசியில் எப்போதும் டாக்டர்தான் ஜெயிப்பார்.

என் அறிக்கைகளை அவர் திருத்தும் முறையைச் சொல்லவேண்டும். எந்தச் சொல்லின் மேலும் பென்சிலை வைத்து, "இத நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா, நெனச்சீங்களா?" என்பார். பார்த்தேன் என்றால் விட்டுவிடுவார். கேட்டேன் என்றால் யார் சொல்லி என்று எழுதவைப்பார். நினைத்தேன் என்றால் அதன் குறுக்கே ஒரு கோடு. முதல் ஆண்டில் என் அறிக்கைகளில் பாதி இப்படிப் போயிற்று. 'பரிதாபமான', 'அப்பாவியான' போன்ற சொற்கள் 1977க்குப் பிறகு என் எழுத்தில் வரவே இல்லை.

ஆனால் எனக்கு அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. பீரோவையும் கட்டைகளையும் வைத்துக்கொண்டு மனிதர்களுக்கு எண் போடுகிறோமே என்றிருந்தது. நூலகத்திலிருந்து நான் எடுத்துப் படித்த நாவல்களிலும் உளவியல் நூல்களிலும் பேசிப் பேசியே தேறிய மனிதர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நான் செய்யவேண்டியது அதுதான் என்று தீர்மானித்தேன். 1981 ஆகஸ்டில் பெங்களூரில் ஓராண்டு சிகிச்சைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். செப்டம்பரில் இடம் கிடைத்துவிட்டது. ஜனவரியில் சேரவேண்டும். டாக்டரிடம் கடிதத்தைக் காட்டினேன். நல்லது என்று மட்டும் சொன்னார்.

மல்லிகா வந்தது அந்தச் சமயத்தில்தான். 1981 செப்டம்பர் 30, புதன்கிழமை.

விழிதியூர்க்காரர். வயது இருபத்து நான்கு. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். காரைக்கால் பக்கத்தில் அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. தகப்பனார் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டதால் பிள்ளைகள் அங்கே போனவர்கள். மணமாகி நான்கு மாதத்தில் கணவர் பணிக்குத் திரும்பிவிட்டார். ஒன்றரை ஆண்டாக மல்லிகா மாமியார், கணவரின் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். அண்ணன்தான் அழைத்துவந்திருந்தார். மல்லிகா பேசுவதில்லை, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மறந்துபோகிறார், தம்பியிடமிருந்து கடிதம் வருகிற நாளில் அழுகிறார், அன்றைக்குச் சாப்பிடுவதும் இல்லை என்று சொன்னார். புத்தி சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பெண்ணைப் பிறந்த வீட்டில் விட்டுவிடலாம் என்றார். தம்பிக்கு மாமன் மகள் ஒருத்தி இருப்பதை அவர் மறைக்கவில்லை.

டாக்டர் அரை மணி நேரம் பார்த்தார். பைத்தியம் இல்லை, மனச்சோர்வு என்றார். மாத்திரை தொடங்கலாமா என்று யோசித்தார். நான் குறுக்கிட்டு, ஆறு வாரம் என்னிடம் விடுங்கள், பேசியே பார்க்கிறேன் என்றேன். அவர், சரி, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று தேதி குறித்துக்கொண்டார்.

அக்டோபர் 7 முதல் உட்கார்ந்தோம். கதவைச் சாத்திவிட்டு நாற்பது நிமிடம். உடன் வந்தவர் வெளியே வாதாமரத்தடி பெஞ்சில் இருக்கவேண்டும். உள்ளே பேசுவது வெளியே போகாது என்று முதல் நாளே சொன்னேன். இரண்டு வாரம் அவர் அறுவடையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். மூன்றாம் வாரம் சொன்னார். கணவர் போன பிறகு ஐந்தாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளை கலைந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் அண்ணன் பெயருக்கு வரும். அவர் கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவார். பதில் எழுதுவதும் வீட்டுப் பெரியவர்கள்தான். பம்புசெட், மாடு, தங்கை கல்யாணம் எல்லாம் இருக்கும். கடைசியில் மல்லிகாவை விசாரித்ததாகச் சொல்லவும் என்று ஒரு வரி. அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் வருமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் காத்திருந்திருக்கிறார். வரவில்லை.

"அவ்வளவு தூரத்துல இருக்கவங்களுக்கு அது ஒண்ணும் பெருசில்ல போலருக்குங்க" என்றார்.

அப்போது என்ன தோன்றியது என்று கேட்டேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கேள்வி அது. பிள்ளை கலைந்ததைக் கணவருக்கு யார் எழுதினார்கள் என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். சாப்பிட்டார். நவம்பர் 4 அன்று ஒரு தடவை சிரித்தார். அதைக் குறிப்பில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். அன்று மதியம் கம்பவுண்டர் காதர் பாய் என் அறை வாசலில் வந்து நின்றார். திருமலைராயன்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. அந்த விழிதியூர்ப் புள்ளய அஞ்சு வாரமா வெறுங்கையோட அனுப்புறீங்க. ஒரு பாட்டில் மிக்ஸ்சராவது குடுத்துவிடக் கூடாதா?"

"அவங்களுக்கு மிக்ஸ்சர் எதுக்கு பாய்?"

"அவங்களுக்கு யாரு கேட்டா? அவங்க மாமியாளுக்கு வேணும்."

அந்த நாளில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டிலைக் கழுவி எடுத்துவருவார்கள். கம்பவுண்டர் மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று வெட்டுவைத்த காகிதத்தைப் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். பாட்டில் வீட்டு மாடத்தில் இருக்கும். மருந்து ஒவ்வொரு வெட்டாக இறங்குவதை வீடே பார்க்கும். மருந்து குறைந்தால் நோய் குறைகிறது என்று பொருள். மல்லிகாவும் வாரா வாரம் மஞ்சள் பையில் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து, அப்படியே கொண்டுபோயிருக்கிறார். அது குடிதண்ணீருக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழிதியூரில் அதற்கு என்ன அர்த்தம் ஆயிற்று என்பதைக் காதர் பாய் சொன்னார். மருந்து ஜன்னலில் நின்று அந்த அண்ணன் அவரிடம் கேட்டிருக்கிறார்: எங்க வீட்டுப் பொண்ணுக்கு வந்திருக்கிறதுக்கு மருந்தே கெடையாதாமே, சும்மா பேச்சுக் குடுத்துத்தான் அனுப்புறாங்களாமே?

மருந்து தராமல் குணப்படுத்துவதை நான் பெருமையாக நினைத்திருந்தேன். மருந்துக்கு மிஞ்சிய நோய் என்று ஊர் எடுத்துக்கொண்டது. நான் காரைக்காலில் ஐந்து ஆண்டு வேலை பார்த்திருந்தேன். இது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நவம்பர் 11, ஆறாவது புதன்கிழமை. டாக்டரும் வந்திருந்தார். மல்லிகா உள்ளே வந்ததும் உட்காராமலே சொன்னார். மாமியார் மகனுக்கு எழுதிவிட்டாராம்: ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். கணவர் டிசம்பர் முதல் வாரம் விடுப்பில் வருகிறார். மாமன் வீட்டில் பேச்சு முடிந்ததுபோலத்தான்.

நான் அவரோடு டாக்டர் அறைக்குப் போனேன். தேறிவருகிறார் என்று ஒரு கடிதம் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"தேறுறாங்கன்னு யாரு சொல்றது? ஆறு வாரமா அவங்களோட பேசினவங்க சொல்றது. அத அந்த வீட்டுல யாரு நம்புவாங்க, மத்மசேல்? அளந்து எழுதின பேப்பர் வேணும்."

அளப்பதற்குப் பாண்டிச்சேரியில் இன்னொருவர் இருந்தார். ஆனால் ஜனவரிக்கு முன் அவரால் வரமுடியாது. நான் செய்கிறேன் என்றேன்.

"செய்யலாம். செஞ்சீங்கன்னா அப்புறம் அவங்களுக்கு நீங்க சோதிச்ச ஆள். பேச வர்ற ஆள் இல்ல. அந்த ஆறு வாரத்துல கேட்டது ஒரு சொல்கூட அறிக்கையில வரக் கூடாது. ரெண்டுல ஒண்ணுதான். அத நீங்க முடிவு பண்ணாதீங்க, அவங்களக் கேளுங்க."

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. இப்போதுதான் பேசத் தொடங்கிய பெண். பாதியில் விட்டால் என்ன ஆவார் என்று பயந்தேன். மல்லிகாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பேச்சைத் தொடர்வதுதான் அவருக்கு நல்லது என்று என் குரலே காட்டிக்கொடுத்திருக்கும். அவர் யோசிக்கவே இல்லை.

"பேசுறதுக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேங்க. எழுதறதுக்கு உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா? எழுதிக் குடுங்க."

நவம்பர் 18 காலை சோதனை வைத்தேன். சோதனைக்கு உள்ள ஒழுங்கை மாற்றவில்லை. மேசைமேல் பச்சைத் துணி. அவர் முதுகு ஜன்னல் பக்கம், வெளிச்சம் மேசையில் விழும்படி. சீவிய பென்சில் இரண்டு. பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதவேண்டும். சரி, தப்பு என்று முகத்தில்கூடக் காட்டக்கூடாது. ஒவ்வொன்று முடிந்ததும் "ஆச்சு, அடுத்தது" என்று ஒரே குரலில் சொல்லவேண்டும். ஆறு வாரமாக என் முகத்தைப் பார்த்துப் பேசிய பெண் என் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் கிடைக்காததால் மேசையைப் பார்க்கத் தொடங்கினார்.

கேள்விகளுக்கு நன்றாகச் சொன்னார். நினைவாற்றலில் குறையில்லை. படத்தைப் பார்த்துக் கட்டைகளை அடுக்கும் பகுதியில்தான் கை மெதுவாக நகர்ந்தது. சோர்ந்த மனத்துக்கு அது இயல்பு. ஆறாவது படத்தில் கடைசிக் கட்டை கையில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. அவர் அதை வைத்தார், சரியாகவே வைத்தார். நான்கு விநாடி அதிகம். ஸ்டாப்வாட்சின் மேல் என் கட்டைவிரல் இருந்தது. அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. நான்கு விநாடியை யாரும் கேட்கப்போவதில்லை. படிவத்தில் சுழியம் போட்டேன். அடுத்த படத்திலும் அப்படியே.

நவம்பர் 25 அன்று டாக்டர் படிவங்களை வரி வரியாகப் பார்த்தார். அந்த இரண்டு சுழியங்களில் பென்சிலை வைத்தார்.

"இங்க மார்க் போடணும்னு தோணிச்சா?"

"தோணிச்சு டாக்டர்."

"அவங்க சுகப்படணும்னு உக்காந்திருந்தவங்க நீங்க. தோணாம எப்படி? இனிமே ஒரே ஆளுக்கு ரெண்டு வேலையும் செய்யாதீங்க."

அந்தச் சுழியங்களைச் சேர்த்தும் மொத்தம் சராசரியில் வந்தது. முடிவு இதுதான்: அறிவில் குறை இல்லை, நினைவில் குறை இல்லை, மனம் சோர்ந்திருக்கிறது, கவனித்தால் தேறும். நான் ஆங்கிலத்தில் எழுதியதை டாக்டர் தன் கையால் பிரெஞ்சில் எழுதினார். தமிழில் எழுதினால் என்ன என்று கேட்டேன். தமிழில் எழுதினால் இதையும் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பார், பிரெஞ்சில் எழுதினால் அந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றார். அன்று அதை வாங்கிப்போக வந்த அண்ணனிடம், வாங்கவேண்டியவர் வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனால் முடிவை மல்லிகாவுக்குத்தான் முதலில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நல்லா இருக்கேன்னு எழுதிருக்கா?"

"அளந்ததுல கொறையில்லன்னு எழுதியிருக்கு. வருத்தமா இருக்கீங்கன்னும் எழுதியிருக்கு."

"அதுவும் நெசந்தானே" என்றார்.

டிசம்பர் 9 அன்று கணவர் வந்தார். அண்ணனும் மல்லிகாவும் கூட வந்திருந்தார்கள். கணவரை மட்டும் உள்ளே அழைத்தேன். முப்பது வயது இருக்கும். அறிக்கையை என் எதிரிலேயே இரண்டு தடவை வாசித்தார். உதடு அசையாமல், விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டு வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர் எழுந்திருக்கவில்லை.

"இத நம்பறேங்க. ஆனா என் லெட்டர் வர்ற அன்னிக்கெல்லாம் அழுறான்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. எனக்குப் புரியல. நான் அப்படி ஒண்ணும் எழுதலியே. அது ஏன்னு இதுல இல்லியே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதருக்குத் தெரியாது. பிள்ளை உண்டானதும் தெரியாது, கலைந்ததும் தெரியாது. வெளிநாட்டில் தனியாக இருப்பவனைக் கலங்கவைக்கவேண்டாம் என்று யாரோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள். எழுதியிருக்கிறார்கள் என்று மல்லிகா நம்பிக்கொண்டிருந்தார். மூன்றாவது புதன்கிழமையே நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது வெளிப்பட்டிருக்கும்.

ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அது நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அது அந்த ஆறு வாரத்தில் கேட்டது.

"அத நான் அளக்கலங்க. அவங்க வெளியிலதான் இருக்காங்க. நீங்களே கேளுங்க. பக்கத்துல யாரும் இல்லாம கேளுங்க."

"கேட்டா சொல்லுவாளா?"

"நீங்க இதுவரைக்கும் கேட்டதில்லயே."

என்னைக் கேட்ட மூன்று பெண்களுக்கும் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அந்த வாரமே பெங்களூருக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டேன். பேசவைத்து ஆற்றுவது குறைந்த வேலை என்பதால் அல்ல. அதைச் செய்ய எதிரே இருப்பவரின் வீட்டையும் தெருவையும் அறிந்திருக்கவேண்டும், கேட்கக்கூடாத கேள்வியையும் கேட்டாகவேண்டிய கேள்வியையும் பிரித்தறியவேண்டும். அந்தத் திறமை எனக்கு வாய்க்கவில்லை. அதை நன்றாகச் செய்த இரண்டு பேரைப் பின்னால் பார்த்தேன். என்னிடம் வந்தவர்களை அவர்களிடம் அனுப்பினேன். அளந்து எழுதுவது எனக்கு வந்தது. ஓய்வுபெறும் வரைக்கும் அதைத்தான் செய்தேன். 1982இல் என் அறைக்கதவில் பெயருக்குக் கீழே 'உளவியலாளர்' என்று எழுதவைத்தேன்.

டிசம்பர் 9ஆம் தேதிக் குறிப்பில் இன்னும் சில வரிகள் உள்ளன. கணவர் வெளியே போய் அண்ணனிடம் ஏதோ சொன்னார். அண்ணன் முதலில் நகரவில்லை. பிறகு குடையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். மல்லிகா வாதாமரத்தடி பெஞ்சின் ஒரு முனையில் இருந்தார், கணவர் மறுமுனையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவர்தான் பேசினார். பிறகு மல்லிகா பேசினார். என் ஜன்னலுக்கு அந்தப் பேச்சு கேட்கவில்லை. நடுவில் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மல்லிகா நிறுத்தவில்லை, சொல்லிக்கொண்டே இருந்தார்.

விழிதியூர் போகிற ஒரு மணிப் பேருந்தில் அண்ணன் மட்டும் ஏறிப் போனார்.